நம்ம கை வேலை, நம்ம பேரு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்றைக்கு நாம் பேசப்போவது சேமிப்பு, வட்டி பற்றி அல்ல. செல்போனில் போடுகிற படத்தைப் பற்றி. "படத்துல என்னம்மா இருக்கு?"ன்னு கேக்கலாம். காசு இருக்கு. அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து மரச் சிற்பத்தை நமக்கெல்லாம் தெரியும். தேக்கு, வாகை, மா, வேம்பு என்று பல மரத்தில் சாமி சிலை செதுக்குகிறார்கள். உளி பிடிக்கிறவர் யாராக இருந்தாலும், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் வீட்டுப் பெண்களின் கையும் சேர்ந்திருக்கும். இந்த வேலைக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஓவியர்களும் சிற்பிகளும் தங்கள் வேலையைக் காட்டுவதற்கென்றே இணையத்தில் இடங்கள் உண்டு. டீவியன்ட்ஆர்ட் 2000-ல் தொடங்கியது. நம் பிள்ளைகள் பார்க்கிற இன்ஸ்டாகிராம் 2010-ல் வந்தது. விளம்பர ஏஜென்சிக்காரர்கள் இங்கே ரெண்டு வேலை பண்றாங்க. தாங்கள் செய்த விளம்பரத்தைப் போட்டு வாடிக்கையாளர் பிடிக்கிறாங்க. நகைக்கடை, ஓட்டல், சேலைக்கடை விளம்பரத்துக்கு அழகான கைவேலை எங்கே கிடைக்கும் என்றும் தேடுறாங்க. நாம் அங்கே படம் போட்டால் ஆர்டர் வரலாம். கேட்காமல் படத்தை எடுத்துக்கொண்டு போகவும் செய்யலாம்.

ஒரு நடந்த செய்தி சொல்கிறோம். 2025 ஜூன் மாதம் இத்தாலியில் பிராடா கம்பெனி நடத்திய ஆடைக் காட்சியில் நம் நாட்டுக் கோலாப்புரி செருப்பு மாதிரியே செருப்பு வந்தது. கோலாப்புரி என்ற பேரே சொல்லவில்லை. அந்தப் படம் இணையத்தில் பரவியதும் மகாராஷ்டிராவில் குரல் எழுந்தது. கோலாப்புரிக்கு 2019-லேயே புவிசார் குறியீடு இருந்தது. இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்ததுதான் என்று கம்பெனி ஒத்துக்கொண்டது. ஊர்ப் பேர் பதிவாகி இருந்தது, ஜனங்கள் சேர்ந்து கேட்டார்கள். அதனால் நடந்தது. தனியாள் கேட்டிருந்தால் யார் காதில் விழும்?

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நாமே சொந்தமாகச் செய்த சிற்பம், வரைந்த படம், எடுத்த போட்டோ இவற்றின் உரிமை பொதுவாகச் செய்தவருக்கே. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. பாஸ்புக்கில் காட்டுகிற கவனம் இதிலும் வேணும்.

புவிசார் குறியீடு கிடைத்ததாலேயே எல்லோருக்கும் பாதுகாப்பு வந்துவிடாது. கைவினைஞர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இனி நாம் செய்ய வேண்டியது:

1. வெளிச்சத்தில், சுத்தமான துணியின் மேல் வைத்துப் படம் எடுங்கள். படத்தின் மேலேயே குழுப் பேரும் ஊர்ப் பேரும் எழுதுங்கள்.

2. வீட்டு நம்பர் வேண்டாம். கூட்டமைப்பு நம்பரையே கொடுங்கள்.

3. ஏஜென்சிக்காரர் கேட்டால் நாம் நாலு கேள்வி கேட்கணும். எந்த விளம்பரத்துக்கு? எத்தனை நாளுக்கு? எவ்வளவு பணம்? எங்கள் பேர் வருமா? "பணம் இல்லை, பேர் மட்டும் வரும்" என்றால், பேரை வைத்து உலை கொதிக்காதுன்னு சொல்லுங்க.

4. மலையில் தேன், சாமை விற்கும் சகோதரிகளே, உங்கள் முகத்தைப் படம் எடுக்க வருகிறவர்களிடமும் இதே கேள்விதான். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிக்னல் கிடைக்காத ஊர்க் குழுக்கள் வெள்ளிமலை வரும்போது படங்களைப் பிரதிநிதியிடம் கொடுத்தால் போதும்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும், யார் படம் போடுவது, வருகிற பணத்தை எப்படிப் பிரிப்பது என்று பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். பணம் வருவதற்கு முன்னால் பேசினால் சண்டை வராது. செய்த கைக்குக் கூலியும் பேரும் சேர்ந்தே வரட்டும்.