மூக்கு வழியே மூச்சுக்குழாய்க்கு



ஒருவருக்கு வாய்ப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடக்கிறது. இன்னொருவருக்கு விபத்தில் உடைந்த தாடையைத் தட்டு வைத்துப் பொருத்துகிறார்கள். இரண்டு பேருமே முழு மயக்கத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு ஆக்ஸிஜனும் மயக்க வாயுவும் தடையில்லாமல் போக, மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் இருந்தாக வேண்டும். வழக்கமாக அதை வாய் வழியாகப் போடுவோம். இங்கே வாய்தான் அறுவை மருத்துவர் வேலை செய்யும் இடம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகக் கடிபடுகின்றனவா என்று பார்த்துத்தான் தாடையைச் சேர்ப்பார்கள். நடுவே டியூப் கிடந்தால் அது நடக்காது. அதனால் மூக்கு வழியே போடுகிறோம்.

மூக்குக்குள் இருக்கும் சவ்வு மிக மெல்லியது, ரத்த நாளங்கள் நிறைந்தது. உரசினாலே ரத்தம் வரும். அது தொண்டையில் வடிந்தால் குரல்வளை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மூக்கடைப்புக்கு விடுகிறோமே, அந்த சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை முதலில் விட்டு நாளங்களைச் சுருங்க வைப்போம். டியூபை வெதுவெதுப்பான சலைனில் போட்டு இளக்கி, ஜெல்லி தடவி, மேல்நோக்கித் தள்ளாமல் மூக்கின் அடித்தளத்தை ஒட்டியே உள்ளே செலுத்துவோம்.

இந்த முறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் மயக்க மருத்துவர் ஐவன் மேகில். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு, இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஹெரால்டு கில்லிஸ் முகத்தைச் சீரமைத்துக்கொண்டிருந்தார். மேகிலும் அவருடைய சக மருத்துவர் ரோபாதமும் அங்கே மயக்க மருந்து கொடுத்தார்கள். நோயாளியின் மூச்சுச் சத்தத்தைக் காதால் கேட்டே, குரல்வளையைப் பார்க்காமல், மூக்கு வழியே டியூபைச் செலுத்தும் திறமை அவர்களுக்கு இருந்தது. தொண்டைக்கு வந்த டியூபின் நுனியைப் பிடித்துத் திருப்ப மேகில் 1920-இல் வெளியிட்ட வளைந்த இடுக்கி, இன்றும் ஒவ்வொரு ஆபரேஷன் தியேட்டரிலும் இருக்கிறது.

இனி, குரல்வளையைப் பார்க்க உதவும் கருவியான லாரிங்கோஸ்கோப்புக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் மெக்கின்டாஷ் 1943-இல் அறிமுகப்படுத்திய வளைந்த பிளேடுதான் பல ஆண்டுகளாக நம் கைக்கருவி. நாக்கை ஒதுக்கி, தாடையை மேலே தூக்கி, மருத்துவரின் கண்ணும் குரல் நாண்களும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் பார்க்க முடியும். சிக்கல் அந்தத் தூக்குவதில்தான் இருக்கிறது. தூக்கத் தூக்கக் குரல்வளை முன்பக்கமாக நகர்கிறது. மூக்கிலிருந்து இறங்கும் டியூபோ தொண்டையின் பின்சுவரை ஒட்டி வருகிறது. நன்றாகத் தெரிகிறது, ஆனால் டியூப் போய்ச் சேரவில்லை. அப்போது இடுக்கியை எடுக்கிறோம். டியூபின் நுனியருகே காற்று நிரப்பும் சிறு பலூன் ஒன்று உண்டு. இடுக்கியின் பல் அதில் பட்டுவிட்டால் கிழிந்துவிடும், டியூபையே மாற்ற வேண்டி வரும்.

வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் பிளேடின் நுனியருகே கேமரா இருக்கிறது, திரையில் பார்க்கிறோம். நேர்கோடு தேவையில்லை, அவ்வளவாகத் தூக்கவும் வேண்டாம். குரல்வளை ஏறத்தாழ அதன் இயல்பான இடத்திலேயே இருப்பதால், மூக்கிலிருந்து வளைந்து வரும் டியூப் பெரும்பாலும் தானாகவே அதை நோக்கிப் போகிறது. வாய் வழியே போடும்போது, திரையில் தெரிந்தும் டியூபை வளைத்துக் கொண்டுபோக உள்ளே கம்பி வைக்க வேண்டியிருக்கும். மூக்கு வழியில் அந்தத் தொல்லை இல்லை. நுனி கொஞ்சம் பின்னால் தங்கினால், அந்தப் பலூனில் 10 முதல் 15 மில்லி காற்றை ஏற்றினால் நுனி மேலெழும்பும். குரல்வளை வாயிலுக்கு வந்ததும் காற்றை எடுத்துவிட்டு உள்ளே தள்ளலாம். இரண்டு லாரிங்கோஸ்கோப்புகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன: வீடியோவில் நேரம் குறைகிறது, இடுக்கி குறைவாகத் தேவைப்படுகிறது. மூக்கில் வரும் ரத்தத்தை மட்டும் எந்த லாரிங்கோஸ்கோப்பும் தடுக்காது. அது டியூப் மூக்கைக் கடக்கும்போதே வருவது.

வாய் திறந்தால்தானே இந்த இரண்டையும் உள்ளே விட முடியும்? பாக்கும் குட்காவும் மென்று வாயின் உட்சவ்வு இறுகி, ஒரு விரல்கூட நுழையாத நிலையில் வருபவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. இவர்களுக்கு ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்தான். 1967-இல் பீட்டர் மர்ஃபி, பித்தநாளத்தைப் பார்க்கும் கருவியைக் கொண்டு லண்டனில் தொடங்கிவைத்த முறை இது. லிக்னோகைன் கொடுத்து மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருந்து தானாக மூச்சுவிடும்போதே மெல்லிய ஸ்கோப்பை மூக்கு வழியே மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, அதன் மேலேயே டியூபை வழுக்கிவிடுவோம். கொஞ்சம் ரத்தம் பட்டாலும் லென்ஸ் மறைந்துவிடும். பொறுமையும் நல்ல பயிற்சியும் வேண்டும்.

என் கருத்து இதுதான்: வாய் நன்றாகத் திறக்கும் பெரியவர்களுக்கு மூக்கு வழி டியூப் போட, வீடியோ லாரிங்கோஸ்கோப்பே முதல் கருவியாக இருக்க வேண்டும், இடுக்கி பக்கத்தில் தயாராக இருக்கட்டும். வாய் திறக்காதவரிடம் வீடியோவை நம்பி முதலில் மயக்கம் கொடுப்பது ஆபத்து.

நேயர்களே, உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்படி அறுவை சிகிச்சை என்றால், மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது எதையும் மறைக்காதீர்கள். எந்த மூக்கில் அடைப்பு, அடிக்கடி ரத்தம் வருமா, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, விபத்தில் தலையில் அடிபட்டதா, பல் ஆடுகிறதா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி முன்பற்களுக்கு இடையே விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். முன்பு டியூப் போடச் சிரமப்பட்டதாக யாராவது எழுதிக் கொடுத்திருந்தால், அந்தச் சீட்டை மறக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.