மருந்து செல்லும் வழி

ஹட்டன் மலைச்சாரலில் பனிமூட்டம் விலகாத விடியற்பொழுது. கொழுந்து பறிக்கப் புறப்படும் கர்ப்பிணித் தாயொருத்தி, கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசையை வாயிலிட்டுச் சூடான தேத்தண்ணீரைப் பருகுகிறாள். “மாதக்கணக்காய் விழுங்கியும் சோர்வு தீரவில்லையே, ஓர் ஊசி போட்டால் ஆகாதா, ஐயா?” என மருத்துவரை வினவுகிறாள். அதற்கு விடை காண, மருந்து உடலிற் புகும் வழிகளை நாம் அறிதல் வேண்டும்.

நாளத்தில் ஏற்றும் மருந்து உடனே இரத்தத்திற் கலக்கிறது. தசையிற் போடும் ஊசிமருந்து சற்றுப் பொறுத்தே சேர்கிறது. மார்வலிக்குரிய நைட்ரோகிளிசரின் குளிசையை விழுங்கினால், அது குடல்வழியே முதலில் ஈரலை அடைந்து, பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். நாவின்கீழ் வைத்தாலோ நேரே இரத்தத்தை அடையும்.

இரத்தத்திற் சேராதிருப்பதே நன்மையாகும் மருந்தும் உண்டு. கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகுந்து, இறுதியிற் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. 1916-ஆம் ஆண்டில் ராக்பெல்லர் அறநிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் அதனை எதிர்க்கும் பணியைத் தொடங்கினர். இன்று வழங்கும் மெபெண்டசோல் குளிசை பெரும்பாலும் குடலிலேயே தங்கிப் புழுவைத் தாக்குகிறது.

இரும்புச்சத்தோ சிறுகுடலின் முற்பகுதியில் உறிஞ்சப்பட்டாக வேண்டும். தேயிலையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதனைப் பற்றிக்கொள்வதால், அதில் ஒரு பகுதி பயனின்றி மலத்தோடு கழிகிறது. 1975-இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வது வெகுவாகக் குறைவதைக் காட்டியது. உலகுக்குத் தேயிலை பறித்துக் கொடுக்கும் கையே, அத்தேயிலையால் தன் மருந்தின் பயனை இழப்பது வருந்தத்தக்கதன்றோ?

தேத்தண்ணீரை அறவே விடுமாறு நான் கூறவில்லை. மலைக்குளிரில் அது நமக்கு உற்ற துணை. குளிசைக்கும் அதற்குமிடையே ஓரிரண்டு மணி நேரம் விடுங்கள். குளிசையை நீருடனோ, தேசிக்காய்ச் சாற்றுடனோ விழுங்குங்கள். புளிப்புப் பழங்களிலுள்ள உயிர்ச்சத்து ‘சி’ இரும்பு சேர்வதற்கு உதவும்.

அதன் பின்னரும் சோர்வு நீங்காவிடில் மருத்துவரிடம் கூறுங்கள். இரத்தத்தைப் பரிசோதித்து, தேவையெனக் கண்டால் ஆஸ்பத்திரியில் நாளத்தின் வழியே இரும்புச்சத்து ஏற்றுவார்கள். ஊசி உயர்ந்தது, குளிசை தாழ்ந்தது என்பதில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் உரிய வழி ஒன்றுண்டு. அவ்வழியை அடைக்காமற் காப்பது நம் கையில் இருக்கிறது.