வாரம் இரண்டு சென்ட்



என்னைச் சேமிப்பைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நம்ம சேமிப்பு நமக்குத் தெரியும். அதனால கடல் தாண்டி நடந்த ஒரு சேமிப்பைச் சொல்றேன்.

1869-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மெதடிஸ்ட் சபைப் பெண்கள் சிலர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பெண்களுக்காக ஆசிரியைகளையும் பெண் டாக்டர்களையும் அனுப்புவது நோக்கம். சபையை நடத்திய ஆண்களுக்கோ, தங்கள் வசூல் குறைந்துவிடுமோ என்று கவலை. பொதுக்கூட்டத்தில் பெண்கள் காணிக்கை எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. இவங்க சளைக்கல. ஆளுக்கு வாரம் 2 சென்ட், வருஷத்துக்கு 1 டாலர் சந்தா. கணக்கையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் முதலில் அனுப்பிய இருவர் நம் நாட்டுக்குத்தான் வந்தார்கள். இசபெல்லா தோபர்ன் லக்னோவில் பள்ளிக்கூடம் தொடங்கினார். டாக்டர் கிளாரா ஸ்வெய்ன் பரேலியில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார்.

அதே சங்கம் 1885-ல் மேரி ஸ்கிரான்டன் அம்மாவைக் கொரியாவுக்கு அனுப்பியது. அவர் விதவை, வயசு 52. அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது. 1886-ல் சியோலில் அவர் பள்ளி தொடங்கியபோது வந்தது ஒரே ஒரு பெண். அவரும் சில மாதத்தில் நின்றுவிட்டார்.

அடுத்து, சோத்துக்கே வழியில்லாத ஒரு தாய் தன் மகளைக் கொண்டுவந்து விட்டாள். அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பாங்களா? “வெள்ளைக்காரி உன் பிள்ளையைக் கப்பலேத்திடுவா”ன்னு பயமுறுத்தினாங்க. தாய் பிள்ளையைத் திருப்பிக் கேட்டாள். ஸ்கிரான்டன் அம்மா கோபப்படவில்லை. ‘உங்கள் அனுமதியில்லாமல் இவளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக மாட்டேன்’ என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். பிள்ளை படிப்பைத் தொடர்ந்தாள்.

அந்த அம்மா மதம் பரப்பவும்தான் போனார். அதை மறைக்க வேண்டாம். தாய் பயந்ததிலும் தப்பில்லை. பயத்துக்குப் பதிலாகக் கையெழுத்து கிடைத்தது பாருங்க, அதுதான் எனக்குப் பெரிசு.

1887-ல் அரசரே அந்தப் பள்ளிக்கு ‘இஹ்வா’ என்று பெயர் கொடுத்தார். பேரிக்காய்ப் பூ என்று அர்த்தம். அங்கே படித்த கிம் ஜோம்-டாங், அமெரிக்கா போய் 1900-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அவரைப் படிக்க வைக்கக் கணவர் அங்கே கூலி வேலை பார்த்தார். பட்டம் வாங்குவதற்குச் சற்று முன் காசநோயில் இறந்தே போனார். அந்தப் பெண் ஊர் திரும்பி, தன் நாட்டுப் பெண்களுக்கே வைத்தியம் பார்த்தார். அன்றைய ஒற்றை மாணவிப் பள்ளி இன்றைக்குப் பெரிய பெண்கள் பல்கலைக்கழகம்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை வெளியூர் விடுதிக்கு அனுப்ப எத்தனை தாய்மார் தயங்குறாங்க! பணம் பாதிக் காரணம். பயம் மீதி. பணத்துக்கு நம்ம உள்கடன் இருக்கு. பயத்துக்கு என்ன வழி?

நான் கேட்பது ஒண்ணுதான். குழுவிலிருந்து இரண்டு பேர் அந்த விடுதியை நேரில் போய்ப் பார்க்கட்டும். மாதம் ஒருமுறை பிள்ளையைப் போய்ப் பார்ப்போம் என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அதன் நகலைத் தாய் கையில் கொடுப்போம். அடுத்த கூட்டத்தில் இதை முதல் தீர்மானமாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.