அமைப்புப் பக்கமும் ஆய்வுப் பொருளே



அளவைப் பிழைகளைச் சமன்செய்யும் மீச்சிறு வர்க்க முறையை லெஜாந்தர் 1805-இல் வெளியிட்டார். இன்று மடிக்கணினி அதை நொடியில் முடித்துவிடுகிறது. அதைப் பற்றிப் பேசப் பலர் இக்கருத்தரங்கில் இருப்பதால் நான் அதைத் தொடவில்லை. கணக்கை ஓட்டுவதற்கு முன் ஸ்டார்நெட் போன்ற மென்பொருள் ஒரு பக்கம் நிறையக் கேள்வி கேட்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன். புராஜெக்ட் செட்டிங்ஸ் என்று நாம் அவசரமாகக் கடந்துபோகிற அமைப்புப் பக்கம்.

களத்தில் ஒரு கோணத்தைத் தவறாகப் படித்தால் டிராவர்ஸ் மூடாது; பிழை தானே குரல் கொடுத்துவிடும். அமைப்பில் நேரும் தவறு அப்படியல்ல. ஒரே ஒரு நிலைப்புள்ளியை நம்பி ஓட்டிய டிராவர்சில் எல்லாத் தூரமும் ஒரே விகிதத்தில் பிசகினால், சுற்று அழகாக மூடும். கை-வர்க்கச் சோதனையும் தேறும். வேறொரு நிலைப்புள்ளியில் போய் முட்டும்போதுதான் விஷயம் தெரியவரும்.

மதுரைப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 78 பாகை தீர்க்கக்கோடு திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே செல்கிறது. யூ.டி.எம். முறையில் அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. மண்டலத்தின் நடுக்கோட்டில் அளவு விகிதம் 0.9996, தரையில் உள்ள 1 கி.மீ. அங்கே 40 செ.மீ. சுருங்கும். விளிம்பை ஒட்டியுள்ள மதுரையிலோ 80 செ.மீ.-க்கு மேல் நீளும். டோட்டல் ஸ்டேஷன் தருவது தரைத் தூரம். பணியை ‘கிரிட்’ என்று குறிக்க வேண்டிய இடத்தில் ‘லோக்கல்’ என்று விட்டால் இந்த நீட்சி கணக்கில் ஏறாது. நாள் முழுக்க வெயிலில் பிரிசத்தை மில்லிமீட்டர் சுத்தமாக நிறுத்திய உதவியாளரின் உழைப்பு என்னாவது? உதகையில் சிக்கல் வேறு. 2,200 மீட்டருக்கு மேலான அந்த உயரத்தைச் சுழியமாக விட்டால், அதனால் மட்டும் கிலோமீட்டருக்கு 35 செ.மீ. பிழை.

அமைப்புப் பக்கம் அடுத்துக் கேட்பது அளவீடுகளின் திட்டப் பிழை. இங்கேதான் எனக்குக் கோபம் வரும். விற்பனைத் தாளில் கருவியின் கோணத் துல்லியம் 1 விநாடி என்று போட்டிருந்தால் அதையே அப்படியே நிரப்புகிறோம். 50 மீட்டர்க் கோட்டில் இலக்கு 2 மி.மீ. தள்ளி நின்றால் திசை 8 விநாடி பிசகும். நகர அளவையில் கோடுகள் பெரும்பாலும் குட்டையானவை. அங்கே கருவியைவிட மையப்படுத்தும் பிழைதான் பெரிது. அதற்கென்று இருக்கும் கட்டத்தைச் சுழியமாக விட்டுவிட்டு, கை-வர்க்கச் சோதனை தோற்றதும் திட்டப் பிழைகளைத் தேறும் வரை ஊதிப் பெருக்குகிறோம். இது விடையைப் பார்த்துக் கேள்வியைத் திருத்தும் வேலை. முதலில் தேட வேண்டியது களக்குறிப்பில் உள்ள தவற்றை. காரணம் கிடைத்தபின் மதிப்பை மாற்றினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

இவற்றை எழுதிவைப்பது புதிதல்ல. 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்த அளவையாளர் லாம்ப்டன், சங்கிலி வெப்பத்தில் நீள்வதற்கும் கடல்மட்டத்துக்கு இறக்குவதற்கும் செய்த திருத்தங்களை எழுதி வெளியிட்டார். அதனால்தான் அவர் கணக்கை இன்றும் நம்மால் சோதிக்க முடிகிறது. நம் அறிக்கைகளில் ஆயத்தொலைவுகள் மட்டுமே இருக்கின்றன.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்டலம், நீள்கோளம், சராசரி உயரம், திட்டப் பிழைகள், அவற்றை ஏன் தேர்ந்தீர்கள் என்ற காரணம் ஆகியவற்றை உங்கள் கட்டுரையின் பின்னிணைப்பாகத் தாருங்கள். கருத்தரங்க மலரில் அதற்குப் பக்கம் ஒதுக்குமாறு பதிப்புக் குழுவையும் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.