மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே





பொன்விழா மேடையில் பேசும் அளவுக்கு நாங்கள் பெரியவர்கள் அல்ல. கணவனும் மனைவியுமாகக் கைலி, துப்பட்டி விற்கும் சிறு கடைக்காரர்கள். பிள்ளை வளர்ப்பும் தொழில்நுட்பமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் எங்கள் குறையைச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் அத்தா காலத்தில் கடையின் ஷட்டரை இழுத்து மூடினால் அன்றைய வியாபாரம் முடிந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் முடித்துவிட்டுக் கடைக்கு வந்த நாங்கள், இருப்புக் கணக்கையும் ஆர்டரையும் கைப்பேசிக்குக் கொண்டுவந்தோம். வேலை எளிதானது. ஆனால் ஷட்டர் இல்லாத கடை ஒன்று எங்களோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

இதில் ஒரு நேரக் கணக்கு உண்டு. சிங்கப்பூரில் மஃரிப் ஆண்டு முழுவதும் இரவு 7 மணியை ஒட்டியே வருகிறது. அதிலிருந்து இஷாவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நாம் மஃரிப் தொழுது எழும்போது ஈரோட்டில் மாலை 5 மணி. வியாபாரம் சூடாக நடக்கும் நேரம். புது டிசைன் படம் வரும், விலை வரும், “பாய், உடனே சொல்லுங்க” என்று குரல் வரும். பிள்ளைகள் ஓதி முடித்து நம் முகத்தைப் பார்க்கும் நேரமும் அதுதான்.

ஒருநாள் இரவு 11 மணிக்கு, கடை எண்ணுக்கு வந்திருந்த குரல் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தோம். விலை சொல்லும் பதிவுகளுக்கு நடுவே எங்கள் ஒன்பது வயது மகனின் குரல்: “அத்தா, அம்மா, வள்ளுஹா சூரா முழுசும் பாடமாயிருச்சு. நீங்க எப்போ கேப்பீங்க?” பாடத்துக்காக வாங்கிக் கொடுத்த டேப்லெட்டிலிருந்து 7.50க்கு அனுப்பியிருக்கிறான். அப்போது நாங்கள் இருவரும் அவனுக்கு நாலடி தள்ளி சோபாவில்தான் உட்கார்ந்திருந்தோம். கடை எண்ணுக்கு அனுப்பினால்தான் பதில் வரும் என்று பிள்ளை கண்டுகொண்டான். எழுப்பலாம் என்று போனோம், அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

சுகாதார அமைச்சு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டி, 7 முதல் 12 வயதுப் பிள்ளைகள் பள்ளி வேலை நீங்கலாக ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் திரை பார்க்கட்டும் என்கிறது. 2026 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையில்கூடத் திறன்பேசி கிடையாது. நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் தாய் தகப்பனுக்கு எந்த அமைச்சும் கெடு வைக்கவில்லை. அதை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். இரவு 7 முதல் 8.30 வரை இரண்டு கைப்பேசிகளும் டேப்லெட்டும் வாசலோரம் பிஸ்கட் டின்னுக்குள். கடை எண்ணில் தானாகப் போகும் பதில்: “இது தொழுகை, குடும்ப நேரம். 8.30க்குப் பின் பேசுகிறோம்.”

நட்டமே இல்லை என்று சொல்ல மாட்டோம். நோன்புக்கு முன் வந்த ஒரு நல்ல கைலிச் சரக்கு, நாங்கள் பதில் சொல்வதற்குள் வேறு கடைக்குப் போய்விட்டது. வருத்தம்தான். இப்போது இரண்டு மொத்த வியாபாரிகள் எங்கள் நேரம் தெரிந்து முன்கூட்டியே படம் அனுப்புகிறார்கள். துறைமுகத்தில் சரக்கு சிக்கினால் நாங்களே டின்னைத் திறந்த நாளும் உண்டு. நான்கு வயது மகள் விடுவதில்லை: “உள்ள போடுங்க!”

மகன் முதல் இரண்டு நாள் பேசாமலே இருந்தான். மூன்றாம் நாள் ஓதினான். ஓரிடத்தில் தடுமாறினான். திருத்தலாம் என்று பார்த்தால் எங்களுக்கும் அந்த இடம் மறந்திருந்தது. மூவருமாகக் குர்ஆனைத் திறந்து பார்த்தோம்.

நாங்கள் கைப்பேசிக்கு விரோதிகள் அல்ல. அதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஞாயிறுதோறும் இஷாவுக்குப் பின் கூத்தாநல்லூரில் இருக்கும் நன்னியின் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் அதுதான்.

50 ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள், கடையை மூடிவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு மூடத் தெரிந்திருந்தது. நம் தலைமுறை அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இன்ஷா அல்லாஹ், இன்று மஃரிபிலேயே தொடங்குவோம்.

வஸ்ஸலாம்.