குடலும் ஓர் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, சபையில் பேசக் கூச்சப்படும் ஒரு விஷயம். குடல் நோயைப் பற்றியது. முதலில் என்னிடம் நேர்ந்த ஒரு தவறைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன்பு, முதல் ஸஃப்பில் தவறாமல் நின்ற இளைஞர் ஒருவர் திடீரெனப் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஜமாஅத்துத் தொழுகையில் அலட்சியம் காட்டுவோரைப் பற்றி ஒரு ஜும்ஆ பயானில் சற்றுக் கடுமையாகவே பேசினேன். அன்று அஸருக்குப் பின் அவருடைய தந்தை என் அறைக்கு வந்தார். "ஹஜ்ரத், நீங்க சொன்னது தனக்குத்தான்னு பையன் அழுறான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வயித்தால போகுது, ரத்தமும் சேந்து வருது. ஸஃப்புல நிக்கும்போது வந்துட்டா என்ன செய்யுறதுன்னு பயந்துதான் வீட்டுலயே தொழுறான்" என்றார். நான் வெட்கித் தலைகுனிந்தேன். விசாரிக்காமல் ஒருவரைப் பற்றி எண்ணம் கொள்வது எவ்வளவு பெரிய பிழை என்பதை அன்று உணர்ந்தேன்.

அவர்கள் அதை மூலம் என்று எண்ணி, ஓராண்டுக்கு மேல் கைமருந்திலேயே காலங்கழித்திருந்தனர். பின்னர் கொலனோஸ்கோப்பி பரிசோதனை செய்தபோதுதான், பெருங்குடலின் உட்சுவரில் புண்ணும் அழற்சியும் உண்டாகும் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்னும் நோய் என்பது தெரியவந்தது. 1999இல் பஞ்சாபில் நடத்தப்பட்ட கள ஆய்வில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 44 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. மேலைநாட்டு நோய் என்று கருதப்பட்டது நம் நாட்டிலும் இருக்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது.

சகோதரர்களே! நம் உடலில், பெரும்பாலும் பெருங்குடலில், ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. இவை யாவும் நம் பகைவர்கள் அல்ல. நம் ஊர் எலுமிச்சைத் தோட்டங்களில் உழைப்போருக்கு இது எளிதில் விளங்கும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்குத் தொழுஉரமும் இலைதழையும் இரையாகின்றன. அவை செழித்தால் மரம் செழிக்கிறது. குடலின் நிலையும் அதுவே.

நாம் உண்பவற்றுள் நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முதன்மையான உணவு. அழற்சியைத் தணிப்பதும் அதுவே. நார்ச்சத்து கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? மனிதக் குடல் பாக்டீரியாக்களை எலிகளுக்குள் செலுத்திச் செய்யப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்றில், இரையின்றிப் போன பாக்டீரியாக்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. வேலிக்கு வெளியே நிற்க வேண்டியவை வேலியையே மேய்ந்துவிட்டால், கிருமிகள் சுவரை நெருங்குகின்றன. உடல் அவற்றை எதிர்த்துப் போரிடுகிறது. அந்தப் போரே அழற்சி.

உணவை மாற்றினால் குடல் மாறுமா? 2015இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் 20 பேருக்கும் தென்னாப்பிரிக்கக் கிராமவாசிகள் 20 பேருக்கும் இரண்டே வாரங்கள் உணவு இடமாற்றம் செய்யப்பட்டது. நார்ச்சத்து மிகுந்த கிராம உணவை உண்ட அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் கூடி, அழற்சி தணிந்தது. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவை உண்ட கிராமவாசிகளுக்கு நேர்மாறாக நடந்தது.

நம் தமிழகத்திலும் இத்துறையில் சிறந்த பணி நடந்துள்ளது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் காலரா நோயாளிகள் 48 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எளிதில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தை உப்பு சர்க்கரைக் கரைசலுடன் சேர்த்துக் கொடுத்தபோது, அது பெருங்குடலை அடைந்து பாக்டீரியாக்களுக்கு இரையாகி, வயிற்றுப்போக்கு விரைவில் நின்றது. சோற்றை வடித்து ஆறவைக்கும்போதும் இத்தகைய மாவுச்சத்து ஓரளவு உண்டாகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எவ்வாறு பயன்படும் என்பதை ஆராயும் பணியை 2021இல் மேற்கொண்டனர். நம் பாட்டிமார் மண்சட்டியில் நீரூற்றி வைத்த சோறு இன்று ஆய்வுக்கூடத்திற்குச் சென்றிருக்கிறது!

வயிற்றை மூன்றாகப் பகுத்து, உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் பங்கு வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள். நாமோ சாரல் காலத்தில் பரோட்டாக் கடைகளில் மூன்று பங்கையும் மைதாவுக்கே கொடுத்துவிடுகிறோம். பரோட்டா ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. தவிடு நீக்கப்பட்ட மைதாவே அன்றாட உணவாகிவிட்டால், உள்ளே வாழும் அந்தப் படைப்புகள் பட்டினி கிடக்கும் என்றே சொல்கிறேன். காய்கனிகள் நாளொன்றுக்கு 400 கிராமுக்கும், நார்ச்சத்து 25 கிராமுக்கும் குறையக் கூடாது என 2023இல் உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தியது. கம்பு, கேழ்வரகு, சுண்டல், கீரை, அவரை, வாழைத்தண்டு ஆகியவை நமக்கு எட்டாத பொருள்கள் அல்லவே! பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சி மிக நல்ல உணவு. அதனருகில் வைக்கும் சமோசாவையும் பஜ்ஜியையும் குறைத்துப் பழங்களைக் கூட்டினால் போதும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இந்நோய் இன்ன உணவால்தான் வந்தது என்று நோயாளியைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. பரம்பரை, நோய் எதிர்ப்பாற்றலின் கோளாறு, பாக்டீரியா, உணவு எனப் பல காரணங்கள் இதில் கலந்துள்ளன. இரண்டாவது, நோய் முற்றிய நிலையிலும், குடல் சுருங்கிய நிலையிலும் நார்ச்சத்தே துன்பம் தரலாம். எனவே மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும். பழைய சோற்றை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. மலத்தில் இரத்தம் கண்டால், மூலம் என்று நாமே முடிவுகட்டாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குடல் காசநோயும் புற்றுநோயும்கூட இதே அறிகுறியுடன் வரக்கூடும்.

இத்தகைய நோயாளிகளுக்கு மார்க்கம் நெருக்கடி தரவில்லை. மலசல உபாதையை அடக்கிக்கொண்டு தொழுவது விரும்பத்தகாதது. நோயின் வேகத்தில் வீட்டில் தொழுவோர் குற்றவாளிகள் அல்லர். ஓயாத கசிவு உள்ளவர் உளூ செய்யும் முறையும் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் தெளிவாக விளக்கப்பட்டுள்ளது. கூச்சமின்றி என்னிடம் தனியே கேளுங்கள். உங்கள் பெயர் என் அறையைத் தாண்டாது.

நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். தொழுகை முடிந்ததும் பூட்டப்படும் கழிப்பறைகளுள் ஒன்றையாவது எப்போதும் திறந்து வையுங்கள். கடைசி ஸஃப்பில் வாசலருகே நிற்பவரை, "முன்னால் வாங்க" என்று யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அவர் அங்கு நிற்பதற்கு நாம் அறியாத காரணம் இருக்கலாம்.

நான் சொன்ன அந்த இளைஞர் மருத்துவத்தால் தேறி, மீண்டும் பள்ளிக்கு வருகிறார், அல்ஹம்துலில்லாஹ். அவர் இப்போது வாசலருகேதான் நிற்கிறார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவரும் மன்னித்துவிட்டார்.

நம் உடல் நமக்குச் சொந்தமன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணி நடக்கவும், நோயுற்றோரின் நிலையறிந்து நடக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.