உருகும் பனியும் கிள்ளான் கரையும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"துருவம் எங்கேயோ கிடக்கு. அங்கே பனி உருகினா கிள்ளானுக்கு என்ன வந்தது?" என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான். இரு தரப்பையும் கேட்போம்.

"கிளாசில் மிதக்கிற ஐஸ் கரைஞ்சா தண்ணி வழியுதா?" என்கிறது ஒரு தரப்பு. வழியாதுதான். ஆனால் கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பனி தரைமேல் மலையாய்க் குவிந்திருக்கிறது. அது உருகுவது நிறைந்த கிளாசில் மேலும் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். வெப்பத்தால் கடல்நீரும் விரிகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்றே குறைவாக, உயர்ந்துவிட்டது. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் 7 மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும்.

இன்னொன்றும் கேளுங்கள். அந்தப் பனிமலை தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் பிடி தளரும். நீர் தொலைவிலுள்ள நம்மைப் போன்ற நாடுகளின் பக்கம் வரும்.

அடுத்து நீரோட்டம். வட அட்லாண்டிக்கில் குளிர்ந்த உப்புநீர் கனத்து ஆழத்தில் இறங்குகிறது. உருகிய நன்னீர் லேசானது. அது கலந்தால் இறக்கம் குறைந்து ஓட்டம் தளரும். தளரும் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். நின்றே போகுமா என்பதில்தான் சொற்போர். 2100-க்குள் திடீரென நிற்காது என்று ஐ.நா. அறிவியல் குழு 2021-இல் ஓரளவு நம்பிக்கையோடு கூறியது. இந்த நூற்றாண்டின் நடுவிலேயே நேரலாம் என்று டென்மார்க் ஆய்வாளர் இருவர் 2023-இல் எழுதினர். மற்றவர்கள் மறுத்தனர்.

அவர்கள் வாதிடட்டும். நமக்கு வேலை இருக்கிறது. கேரித் தீவுச் செம்பனைத் தோட்டங்களைக் கடலிடமிருந்து காப்பது மண்கரைதான். பெருக்கு கரையின் விளிம்பைத் தொடும் நாளில் ஒரு சாண் சின்ன விஷயமா? கடல் பொங்கும் நேரத்தில் ஆற்றுநீரும் சரியாய் வடியாது. 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது அடைமழையால். சூடான காற்று கூடுதல் ஈரம் சுமக்கும் என்பதை மறவாதீர்.

ஆகவே பெற்றோர்களே, மண்கரையில் விரிசல் கண்டால் உடனே சொல்லுங்கள். கண்டல் மரங்களை வெட்டாதீர்கள். அவை அலையைத் தடுக்கும் வேலி. மாணவர்களே, நம் நாடு 2011-இல் அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஆய்வு மையம் உண்டு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து வெகுதூரமில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒருவர் அங்கே பனியை அளக்கப் போகட்டும்!